மைனா கேட்கும் வகுப்பு

தபித்தாள் மிஸ் எந்தக் குழந்தையையும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. மழலையர் வகுப்பில் இருபத்தாறு வருடம் இருந்தவளுக்கு அவை தேவைப்படவில்லை. அவளிடம் ஒரு சிரிப்பு இருந்தது. வாயின் இடது ஓரம் மட்டும் லேசாக மேலே ஏறும். மற்றபடி முகம் அசையாது. எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு பிடி உயரம் குறைந்துதான் திரும்பிப் போவார். ஞாயிறு ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு பாவ அறிக்கை செய்யும்போது, அந்த வாரத்தில் பொய் சொன்னோமா, பொறாமைப்பட்டோமா, வேலையில் சோம்பினோமா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பு ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை.

சிரிப்பதற்கான காரணங்களுக்கும் அந்த வருடங்களில் கோயம்புத்தூரில் குறைவில்லை.

முதல் காரணம் மைனா. வகுப்பறையின் நான்கு மூலைகளிலும் கூரையை ஒட்டி ஒவ்வொரு பிளாஸ்டிக் பறவை உட்கார்ந்திருந்தது. காலை பத்து மணிக்கு அதன் கண்ணில் பச்சை விளக்கு எரியும். உடனே விளையாட்டு நேரம் தொடங்கும். பதினொன்றுக்கு விளக்கு அணையும். அந்த ஒரு மணி நேரமும் இருபத்து நான்கு குழந்தைகள் விளையாடிக்கொண்டே பேசுவதையெல்லாம் அது கேட்கும். எத்தனை வார்த்தை, அதில் புதியது எத்தனை, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து இங்கேயும் எவ்வளவு லாகவமாகத் தாவுகிறது, இந்தக் குழந்தை சொன்னபடி எத்தனை குழந்தைகள் ஆடின என்று எண்ணி, நூற்றுக்கு இவ்வளவு என்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பெற்றவர்களின் போனுக்கு அனுப்பிவிடும்.

குழந்தைகள் விளையாட்டின் வழியாகத்தான் கற்கின்றன என்று பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த கையோடு விளையாட்டுக்கு மார்க் போட்டார்கள். ஆண்டின் கடைசி மாதச் சராசரி அறுபதுக்குக் கீழே போனால் அந்தக் குழந்தைக்கு இருமொழி வகுப்பில் இடம் இல்லை. கோடை விடுமுறைக்குக்கூடக் காத்திராமல் அடுத்த திங்கட்கிழமையே பின்கட்டில் தகரக் கூரை போட்ட தனிமொழிப் பிரிவுக்குப் போகவேண்டும். எல்லாப் பள்ளிகளுக்கும் அப்போது இதுவே விதி. பின்கட்டுக்குப் போன குழந்தை முன்கட்டுக்குத் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது காரணம் பெற்றவர்கள். விளையாட்டுக்கு மார்க் வந்த மறு வருடமே விளையாட்டு டியூஷன் வந்துவிட்டது. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை மணல் பேட்ச், ஏழிலிருந்து எட்டு வரை சமையல் சாமான் பேட்ச். மணலில் கை வைத்தவுடன் சொல்லவேண்டிய பத்து வாக்கியங்களை அச்சடித்துக் கொடுத்தார்கள். நான்கு வயதுக் குழந்தைகள் காலையில் கண் கசக்கியபடியே அவற்றை ஒப்பித்தன. அந்த வருட ஆயுத பூஜைக்கு யாரோ ஒரு புண்ணியவான் மைனாக்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். சந்தனம் காய்ந்து காது அடைத்துவிட்டது. இரண்டு நாள் வகுப்பு முழுக்க பூஜ்யம். மூன்றாம் நாள் காலை பள்ளி வாசலில் நாற்பத்தெட்டு பெற்றோர்கள் நின்றார்கள். "என் பொண்ணு ரெண்டு நாளா நல்லாத்தான் விளையாடியிருக்கா, ஆனா ரெக்கார்டே இல்லைங்களே" என்று ஒரு தகப்பன் கண் கலங்கினார். தபித்தாள் ஜன்னலில் நின்று பார்த்தாள். வாயின் இடது ஓரம் மேலே ஏறியது.

"மிஸ், மூஞ்சிய மாத்துங்க. அவிங்க பாத்துரப் போறாங்க" என்றாள் ஆயா தெய்வானை, ஊசியால் மைனாவின் காதிலிருந்து சந்தனத்தைக் குத்தி எடுத்துக்கொண்டே.

"பாக்கட்டும். மூஞ்சிக்கு இன்னும் மார்க் போடல."

"போட்டா நீங்க பின்கட்டுக்குத்தான் போவீங்க" என்று தெய்வானை சிரித்தாள்.

மூன்றாவது காரணத்தின் பெயர் தஷ்வின். வாரா வாரம் கூட்டும் மொத்த மதிப்பெண்ணில் முதலிடம் பிடிக்கும் குழந்தைக்குக் கழுத்தில் தங்க நிற அட்டை மாட்டுவார்கள், மற்றவர்களுக்கு நீலம். ஜூன் மாதத்திலிருந்து தங்க அட்டை தஷ்வினைத் தவிர வேறு கழுத்துக்குப் போனதில்லை. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு, மறுபடியும் தொண்ணூற்றெட்டு. அவனுடைய அப்பாவுக்கு காந்திபுரத்தில் பேக்கரி. அம்மா கவிப்பிரியா கல்லாவில் இருப்பாள். மாதம் ஒருமுறை பப்ஸ் டப்பாவோடு வந்து, "பையன் எப்படிங்க மிஸ்?" என்று கேட்பாள். தபித்தாள் அந்த டப்பாவைத் திறக்காமல் தெய்வானையிடம் கொடுத்துவிடுவாள்.

தஷ்வின் மணல் தொட்டியில் உட்கார்ந்தான் என்றால் பக்கத்து மூலை மைனாவைப் பார்த்துத்தான் உட்காருவான்.

"ஃப்ரெண்ட்ஸ், லெட் அஸ் பில்ட் எ பிரிட்ஜ். பாலம் கட்டலாமா? வூ வில் பிரிங் வாட்டர்? யாரு தண்ணி கொண்டு வருவீங்க?"

"ஓ, வெரி குட் இங்கிலீஷ்" என்று தபித்தாள் குனிந்தாள். "டியூஷன் மிஸ் சொல்லிக் குடுத்ததா?"

"யெஸ் மிஸ்."

"மம்மி மனப்பாடம் பண்ண வெச்சாங்களா?"

"யெஸ் மிஸ். அஞ்சு தடவ." அவன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். பாராட்டு என்றே நினைத்துக்கொண்டான்.

"பாவம். விளையாடு, விளையாடு" என்று சொல்லி அவள் நிமிர்ந்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பூவிழியப் பாருங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த ஒப்பிக்கறாளா? அவதான் நிஜமான குழந்தை. நீங்கள்லாம் சாவி குடுத்த பொம்மைங்க."

குழந்தைகள் பூவிழியைத் திரும்பிப் பார்த்தன. பூவிழி தலையைக் குனிந்துகொண்டாள்.

பூவிழிக்கு டியூஷன் கிடையாது. அம்மா தனக்கொடி, கணபதிப் பகுதியில் ஒரு பம்பு செட் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். பள்ளியில் பூவிழியின் இடம் அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தது. பூவிழி வகுப்பில் பேசவில்லை. வாங்கிய மார்க் முப்பத்து நான்கு. அதுவும் தும்மலையும் இருமலையும் மைனா வார்த்தை என்று எண்ணியதால் வந்திருக்கும் என்று தெய்வானை சொல்லுவாள்.

ஒரு நாள் தனக்கொடி வேலைக்குப் போகிற வழியில் வாசலில் காத்திருந்தாள்.

"வீட்டுல வாய் ஓயாம பேசறாளுங்க மிஸ். தூக்கத்துல கூடப் பேசறா. இங்க மட்டும் ஏனுங்க பேச மாட்டீங்கறா?"

"பேசாம இருக்கறது தப்பில்லீங்க. தப்பு அந்தப் பறவை மேல."

"பின்கட்டுக்கு அனுப்பிச்சிருவாங்களாமா? அங்க போனா அப்பறம் ஒண்ணும் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு இவ ஒருத்திதானுங்க."

"நான் இருக்கேன்" என்றாள் தபித்தாள். அன்று இரவு ஜெபத்தில் அந்தக் குழந்தையின் பெயரைச் சொன்னாள். ஆண்டவரே, இத்தனை பொம்மைகளுக்கு நடுவில் ஒரு குழந்தையை வைத்திருக்கிறீர், அதை நீர்தான் காப்பாற்ற வேண்டும் என்றாள். மற்ற இருபத்து மூன்று பேரின் பெயர்களும் அந்த ஜெபத்தில் வரவில்லை.

பிப்ரவரியில் அதிசயம் நடந்தது. பூவிழியின் மார்க் நாற்பத்தொன்றானது. அடுத்த வாரம் ஐம்பத்திரண்டு. அதற்கடுத்து அறுபத்தாறு. தபித்தாள் மைனாவைப் பார்த்து முதல் தடவையாக இரண்டு ஓரமும் ஏறச் சிரித்தாள். ஜெபம் கேட்கப்பட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அதே வாரங்களில் தஷ்வின் இறங்கினான். தொண்ணூற்றெட்டு எண்பதானது, எண்பது அறுபத்தொன்றானது, அப்புறம் ஐம்பத்து நான்கு. முந்தைய மாதங்களின் கூட்டலில் அவன் இன்னும் முதலிடத்தில் இருந்ததால் தங்க அட்டை மட்டும் கழுத்தில் தங்கியது. சாவி தீர்ந்துவிட்டது என்று தபித்தாள் நினைத்துக்கொண்டாள். அதில் ஒரு சின்ன திருப்தியும் இருந்தது.

அவன் இப்போதெல்லாம் மணல் தொட்டிக்கு வருவதில்லை. வகுப்பின் ஒரு மூலையில் பழைய புடவையைத் திரையாகக் கட்டி ஒரு விளையாட்டு வீடு வைத்திருந்தார்கள். பத்து மணி விளக்கு எரிந்ததும் திரைக்குள் போய்விடுவான். அங்கே போய் சமையல் சாமான் பேட்சில் படித்த எந்த டின்னரைப் பற்றி ஒப்பிக்கிறானோ என்று நினைத்து தபித்தாள் அந்தப் பக்கமே போகவில்லை. இன்னும் ஒரு "ஹெல்தி டின்னரை" அவளால் தாங்க முடியாது.

மார்ச் முதல் வாரம் கவிப்பிரியா வந்தாள். பப்ஸ் டப்பா இல்லை.

"மிஸ், பையனுக்கு என்னாச்சுங்க? டியூஷன்ல நல்லாத்தான் பேசறான். இங்க வந்தா ஐம்பத்து நாலு. டியூஷன் மிஸ் நீங்க ஏதோ பண்றீங்கன்னு சொல்றாங்க."

"நான் என்னங்க பண்ணப் போறேன். பாடத்த மாத்தியிருப்பாங்களோ என்னவோ. மணல்ல பேச வேண்டியத சமையல்ல பேசிட்டான் போல."

"கிண்டல் பண்றீங்களா?"

"இல்லீங்க. நான் எதுக்கு." வாயின் இடது ஓரம் ஏறியது.

கவிப்பிரியா அதைப் பார்த்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆண்டின் கடைசி விளையாட்டு நேரத்துக்கு இரண்டு நாள் முன்னால் தெய்வானை லீவு. மத்தியானத்துக்கு வேண்டிய தட்டுகளை எடுக்க தபித்தாளே அந்தத் திரைப் பக்கம் போக வேண்டியதாயிற்று. திரையின் கிழிசல் வழியாக உள்ளே தெரிந்தது. தஷ்வினின் தங்க அட்டை பூவிழியின் கழுத்தில் இருந்தது. பூவிழியின் நீல அட்டை அவன் கழுத்தில் தொங்கியது. விளக்கு அணையப் போகிற நேரம்; இருவரும் அவசரமாக மாற்றிக்கொண்டார்கள். பழகிய கைகள்.

தபித்தாள் தட்டுகளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. மைனா கழுத்து அட்டையை வைத்துத்தான் ஆளை அறிகிறது. நீல அட்டையைப் போட்டுக்கொண்டு இவன் பேசுகிறான். மார்க் அவளுக்குப் போகிறது. ஒரு மாதமாக இந்தச் சாவி கொடுத்த பொம்மை தன்னுடைய வார்த்தைகளை அள்ளி அந்தக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றை இவன் செய்திருக்கிறான். நேராக உள்ளே போய், ஏன் தம்பி இப்படிச் செய்கிறாய் என்று அவனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குழந்தைகளைப் பற்றி அவளுக்கு எப்போதும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இரண்டு ராத்திரி அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. சொன்னால் பூவிழி பின்கட்டுக்குப் போவாள். சொல்லாவிட்டால் இவன் போவான். தான் செய்வது என்னவென்றே இவனுக்குத் தெரியாது. கடைசியில் உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தாள். சொன்ன பிறகு பூவிழிக்காக யார் காலில் வேண்டுமானாலும் விழலாம்.

வெள்ளிக்கிழமை மைனா கம்பெனியிலிருந்து ரிஸ்வான் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். பணிவான பையன்; உட்காரச் சொல்லும்வரை நின்றான். அலுவலக அறையில் கவிப்பிரியா ஏற்கெனவே இருந்தாள். மகனின் மாதச் சராசரி ஐம்பத்தேழு என்று பகல் பன்னிரண்டு மணிக்குப் போனுக்கு வந்திருந்தது. பூவிழிக்கு எழுபத்தொன்று.

தபித்தாள் சுற்றி வளைக்கவில்லை. "இந்த ரெண்டு மார்க்கும் மாறியிருக்கு தம்பி. தஷ்வினும் பூவிழியும் அட்டைய மாத்திப் போட்டுக்கிட்டாங்க. நானே கண்ணால பாத்தேன். அவன் பேசினதெல்லாம் அவ கணக்குல போயிருக்கு. அவனோடத அவனுக்குக் குடுத்துருங்க. அந்தப் புள்ளைக்கு வேற ஏதாவது வழி இருக்கான்னு பாருங்க."

கவிப்பிரியா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

ரிஸ்வான் லேப்டாப்பைத் திறந்தான். "அட்டை வருகைப் பதிவுக்கு மட்டும்தாங்க மேடம். மைனா அட்டையப் பாக்காது. குரலத்தான் பிடிக்கும். ஒவ்வொரு குழந்தை குரலும் மொத நாளே பதிவாயிரும்."

"மொத நாளு எந்தக் குழந்தை பேசுச்சு?" என்றாள் தபித்தாள்.

"அழுவாங்களே மேடம். அது போதும்."

"அப்ப பூவிழி பேசவே இல்லையே. எழுபத்தொண்ணு எங்கிருந்து வந்துச்சு?"

"பேசியிருக்காங்க. நல்லாவே பேசியிருக்காங்க. தலைமைங்கற பத்தியில தொண்ணூறு." அவன் திரையைப் பார்த்தபடி சொன்னான். "தஷ்வின்தான் பேசல. முன்னாடி ஒரு மணி நேரத்துக்கு நூத்தி நாப்பது வாக்கியம். இப்ப பதினொண்ணு. பெரும்பாலும் 'சரி மிஸ்', 'சாரி மிஸ்'. அந்தப் பாப்பா பேசறதக் கேட்டுட்டு இருந்திருக்கார்."

"கேட்டதுக்கு மார்க் கிடையாதா?" என்றாள் தபித்தாள்.

"அதுக்கு இன்னும் பத்தி போடலீங்க மேடம். அடுத்த வருஷம் வரலாம்." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "நீங்க புகார் குடுத்ததால நான் ஒலிப்பதிவ ஒரு தடவ சரிபாக்கணும். நீங்களும் கேளுங்க."

முதலில் தட்டுகள் உரசும் சத்தம் வந்தது. பிறகு பூவிழியின் குரல். தபித்தாளுக்கு அந்தக் குரல் பழக்கமில்லை. ஆனால் பேச்சு பழக்கமாக இருந்தது.

"தங்க அட்டை போட்டாத்தான் மிஸ். இப்ப நான் மிஸ். நீ எல்லாப் புள்ளைங்களும்."

"சரி மிஸ்."

"ஓ, வெரி குட் இங்கிலீஷ். டியூஷன் மிஸ் சொல்லிக் குடுத்ததா?"

"யெஸ் மிஸ்."

"மம்மி மனப்பாடம் பண்ண வெச்சாங்களா? பாவம். சிட் டவுன். நீ சாவி குடுத்த பொம்மை. பொம்மைங்க பேசக் கூடாது."

"சாரி மிஸ்."

ஒவ்வொரு வார்த்தையும் அதே இழுப்பில், அதே நிறுத்தத்தில் வந்தது. முகம் தெரியவில்லை. ஆனால் வாயின் எந்த ஓரம் ஏறியிருக்கும் என்று தபித்தாளுக்குத் தெரிந்தது. ரிஸ்வானின் திரையில் பச்சைக் கோடு உயர்ந்துகொண்டே போனது. புதிய வார்த்தை, மொழித் தாவல், தலைமை. அத்தனையும் தபித்தாளின் சரக்கு.

பிறகு பூவிழி சின்னக் குரலுக்கு இறங்கினாள்.

"டேய், நான் பேசறேன்னு மிஸ்கிட்ட சொல்லிராத."

"ஏன்?"

"மிஸ்ஸுக்குப் பேசற புள்ளைங்களப் புடிக்காது. பேசாம இருந்தாத்தான் நிஜமான குழந்தை. பேசினா நானும் பொம்மை ஆயிருவேன்."

ஒரு தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றது தஷ்வினின் குரல். "நீ இங்க வந்து பேசிக்கோ. நாளைக்கும் நீதான் மிஸ்."

ரிஸ்வான் ஒலிப்பதிவை நிறுத்தினான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. லேப்டாப்பின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தான்.

கவிப்பிரியா கத்துவாள் என்று தபித்தாள் எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"என் பையன் பொம்மையாங்க மிஸ்?" என்று கவிப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

தபித்தாள் திரையில் நின்றுபோன பச்சைக் கோட்டைப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நகைக்கடைக்கு இன்டர்வியூ போனேங்க. இங்கிலீஷ்ல ரெண்டு வாக்கியம் பேசச் சொன்னாங்க. பேசினேன். அங்க இருந்த மேடம் திட்டவெல்லாம் இல்ல. ஓரமா சிரிச்சாங்க. பதினோரு வருஷமாச்சு. இப்பவும் கல்லாவுல யாராவது இங்கிலீஷ்ல கேட்டா சில்லறைய தப்பா எண்ணிக் குடுத்துருவேன். இவனப் பாத்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாதுன்னுதான் டியூஷனுக்கு அனுப்பிச்சேன்." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "அந்தச் சிரிப்பு இருக்கற ஸ்கூல்லயே கொண்டாந்து சேத்திருக்கேன் பாருங்க."

"நான் உங்ககிட்ட மன்னிப்பு..."

"எங்கிட்ட எதுக்குங்க. நான் பெரியவ." கதவருகே நின்று திரும்பினாள். "திங்கக்கிழமை பின்கட்டுக்குக் கொண்டாந்து விடறேன். எந்நேரம்னு மட்டும் சொல்லுங்க."

"ஒம்பதரை" என்றாள் தபித்தாள்.

அவள் போனபின் தபித்தாள் ரிஸ்வானிடம் கேட்டாள்: "மார்க்க மாத்த வழியே இல்லையா தம்பி? தப்பு என்னோடது. அவன் எதுக்குப் போகணும்?"

"மேடம், எண்ணுனதுல தப்பு இருந்தா மாத்தலாம். தப்பு இல்லையே. எல்லாமே சரியாத்தான் எண்ணியிருக்கு."

அதற்கு மேல் அவனிடம் கேட்க ஒன்றுமில்லை. சாயங்காலம் வரை அவள் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இந்த மைனாவை இத்தனை வருடமாக அவள் ஏளனம் செய்திருந்தாள். அது கேட்காததைத் தான் கேட்பதாக நம்பியிருந்தாள். புடவைத் திரை நான்கு எட்டு தூரத்தில்தான் இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் காது அங்கு வரை போயிருக்கிறது. அவளுடைய காது போகவில்லை. ஜெபம் செய்யலாமென்று கண்ணை மூடினாள். என்ன சொல்வதென்று வரவில்லை. குழந்தைகளின் பெயர்களை மட்டும் சொன்னாள். இருபத்து நான்கும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு எழுந்து தாளாளர் அறைக்குப் போனாள். பின்கட்டு வகுப்புக்கு இரண்டு வருடமாக நிரந்தர ஆசிரியை இல்லை, யாரும் கேட்டதில்லை. அவள் கேட்டாள். தாளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்று விசாரித்தார். தெய்வானை விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். "பின்கட்டுக்குப் போவீங்கன்னு நான் அன்னிக்கு சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் மிஸ்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் மழை தூறியது. தகரக் கூரையில் சத்தம் அதிகம். முன்கட்டிலிருந்து அன்றுதான் வந்த ஏழு குழந்தைகள் பாயில் உட்கார்ந்திருந்தன. தஷ்வின் கடைசியில் இருந்தான், கழுத்தில் எந்த அட்டையும் இல்லாமல். பத்து மணி ஆனது. ஒரு குழந்தையும் அசையவில்லை. எல்லாம் கூரையின் மூலையைப் பார்த்தன.

"மிஸ், மைனா எங்க?" என்றது ஒரு குழந்தை.

"இங்க மைனா கிடையாது."

"அப்ப நாங்க பேசறத யாரு கேப்பாங்க?"

"நான் கேக்கறேன்" என்றாள் தபித்தாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. அது அவளுக்கும் புதிய வேலை.

அவள் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. "தஷ்வின், இன்னிக்கு நீதான் மிஸ். நாங்கள்லாம் பிள்ளைங்க."

தஷ்வின் உடனே எழவில்லை. இது எந்தப் பேட்சிலும் சொல்லிக்கொடுக்காத விளையாட்டு. அவன் கூரை மூலையை ஒரு தடவை பார்த்தான். அங்கே ஒட்டடைதான் இருந்தது. பிறகு எழுந்து வந்து அவளுக்கு எதிரில் நின்றான். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டான். தபித்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். என்ன வரும் என்று தெரியும். வரட்டும், முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். கையை இடுப்பிலிருந்து எடுத்தான்.

"சாப்பிட்டியா?" என்றான்.

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து எதுவும் சரியாக இறங்கவில்லை.

"இல்ல மிஸ்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு மிஸ்."

இதற்கு என்ன சொல்வது என்று அவன் யோசித்தான். மழை கொஞ்சம் வலுத்தது. மற்ற ஆறு குழந்தைகளும் பாயில் நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்தன. அவன் குனிந்து விளையாட்டுச் சாமான் கூடையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்து, சட்டையில் துடைத்து, அவள் மடியில் வைத்தான்.

"நானும் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்" என்றான். "மெதுவா சாப்பிடு."